சத்தம் போடாத டிஸ்க்

அந்த ஸ்டூடியோவில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிற வேலை முழுக்கத் தங்கையுடையது. போர்டில் இருக்கிற பெயர் மட்டும் அண்ணனுடையது. உழைக்கிறவள் ஒருத்தி, பேர் வாங்குகிறவன் ஒருத்தன். எந்தக் கடைதான் இதற்கு விலக்கு?

அண்ணனுக்கு ஒரு கெட்ட பழக்கம். கம்ப்யூட்டரில் இடம் இல்லையென்றால் கண்ணில் பட்டதை அழித்துவிடுவான். யாராவது வந்து கேட்டால், "கொஞ்சம் தோண்டி எடும்மா" என்று அவளிடம் வந்து நிற்பான். பழைய ஹார்டு டிஸ்க் ஒரு புண்ணியவான். உள்ளே தட்டு சுற்றக் கரகரவென்று கத்தும், ஒரு படத்தைத் திறக்க ஆமையாய் நகரும். ஆனால் அழி என்றால் பெயரை மட்டும் எடுத்துவிட்டு, அதன்மேல் வேறொன்று எழுதும்வரை சரக்கை அப்படியே வைத்திருக்கும். அவளும் ஒவ்வொரு தடவையும் தோண்டியெடுத்து அவன் மானத்தைக் காப்பாற்றினாள்.

பிறகு அதன் இடத்துக்கு எஸ்.எஸ்.டி. என்கிற புது டிஸ்க் வந்தது. தட்டும் இல்லை, சத்தமும் இல்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் படம் திறந்தது. அண்ணன் தலைகால் புரியாமல் ஆடினான். அவள் அன்றைக்கே சொன்னாள்.

"அண்ணா, இது பழசு மாதிரி இல்ல. அழிச்ச இடத்த இதுவே துடைச்சு வெச்சுடும். இதுல போனா போனதுதான்."

"உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்" என்று சிரித்தான். செவிடன் காதில் ஊதிய சங்கு.

நேற்று ஒரு பெண் வந்தாள். போன வருஷம் கல்யாணமானவள், இப்போதுதான் அப்பாவைப் பறிகொடுத்தவள். வரவேற்பில் அவர் மைக்கைப் பிடித்து மகளைப் பற்றிப் பேசியிருந்தார். ஸ்டூடியோ கொடுத்த வீடியோவில் அவர் வாய் அசைகிறது, பாட்டுதான் கேட்கிறது. "பேச்செல்லாம் யாரு கேப்பா, பாட்டப் போடு" என்று போடவைத்தவன் அண்ணன். அந்தக் குரல் வேண்டும் என்றுதான் இப்போது வந்திருந்தாள். வெட்டாத மூலப் படத்தில் அது இருந்தது. போன மாதம் இடம் வேண்டுமென்று அதையும் அவன் அழித்திருந்தான்.

"கவலப்படாதீங்க" என்றான் கூசாமல். "என் தங்கச்சிதான் தெரியாம அழிச்சுட்டா. ரெண்டே நாள்ல எடுத்துக் குடுத்துடுவா."

தங்கைக்கு உச்சந்தலைவரை எரிந்தது. தன்மேல் போட்ட பழியைக்கூட விழுங்கியிருப்பாள். தகப்பனை இழந்து வந்தவளிடம் இல்லாத ஒன்றைத் தருவதாகச் சொல்ல இவனுக்கு எப்படி நாக்கு வந்தது?

"இல்லங்க, அது கிடைக்காது. அழிச்சது இவருதான்" என்றாள். "இவரு அழிக்க அழிக்க இத்தன வருஷமா நான் தோண்டிக் குடுத்தேன். இப்ப தோண்டறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல."

"வாய மூடு" என்று அண்ணன் பல்லைக் கடித்தான். அதே வாயோடு அந்தப் பெண்ணைப் பார்த்து இளித்தான். "அதுக்குப் பதிலா பெரிய ஆல்பம் ஒண்ணு சும்மாவே போட்டுத் தர்றேம்மா. பக்கத்துக்குப் பக்கம் அப்பா படமாவே வெச்சுடலாம்."

அந்தப் பெண் அவனையே பார்த்தாள்.

"அதுல அப்பா பேசுவாரா?"