செருமிவிட்டு விளக்கு வைக்கிற வீடு

ஒரு வீட்டை விட்டு எப்போது புறப்பட வேண்டும் என்பதற்கு என்னிடம் ஒரு கணக்கு இருந்தது. இருட்டில் சாமியறையிலிருந்து கிணற்றடி வரைக்கும் கால் எதிலும் இடிபடாமல் நடக்க முடிந்தால், அந்த வீடு என்னைப் பிடித்துக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். அடுத்த நாளே சைக்கிளுக்கு எண்ணெய் விடத் தொடங்குவேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பேச்சு நின்றுபோனது. பிறகு நான் பார்த்த உத்தியோகம் விளக்கு வைப்பது. சிரிக்க வேண்டாம். சண்டை நடந்த அந்த வருடங்களில் ஆட்கள் வீட்டைப் பூட்டிவிட்டுக் கொழும்புக்கும் கனடாவுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். கரண்ட் எப்போதோ போய்விட்டது. பொழுதுபட்டும் விளக்கு எரியாத வீட்டில் மூதேவி குடியேறுவாள் என்பார்கள். மூதேவிக்கு முன்னால் வேறு ஆட்கள் குடியேறிவிடுவார்கள் என்பது அவர்கள் வாய்விட்டுச் சொல்லாத பயம். அதனால் என்னைப் போலத் தனியாகத் திரிகிற ஒருவன் தேவைப்பட்டான். ஒரு சைக்கிள், இடுப்பில் கட்ட இரண்டு சாரம். ஊர் ஊராக, ஆளில்லாத வீடு வீடாக இருந்து பார்த்தேன்.

நீர்வேலி வீட்டில்தான் என் கணக்குப் பிழையாகிப்போனது. போன முதல் நாளே, விளக்கு ஏற்றுமுன் வீட்டுக்குள் நடந்தேன். கால் எதிலும் இடிபடவில்லை. படி எங்கே உயர்கிறது, கதவு எங்கே குறுகுகிறது என்று காலுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அப்போதே புறப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வளவு நிறைய வாழை, எல்லாம் குலை தள்ளி நின்றது. வயிறு கணக்குப் பார்க்கவில்லை.

அந்தக் குறுகலான ஒழுங்கையில் ஆள் இருந்த வீடுகள் இரண்டே இரண்டு. ஒன்று நான் இருந்தது. மற்றது பக்கத்து வளவு அக்காவுடையது. பிள்ளைகள் கொழும்பில் நின்று கூப்பிட்டும் அவர் போகவில்லை. சினைமாட்டை யாரிடம் விடுவது என்று கேட்டார். ஊரை விட்டு வெளியேற எடுக்கிற பாஸை மாட்டுக்கும் சேர்த்து எடுக்கச் சொல்லி வேலிக்கு மேலால் யோசனை சொன்னேன். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரே பகிடிதான்.

பகலில் எதற்கும் பயப்படாத மனிசி. ஒழுங்கை முழுதும் இருண்டு கிடக்கத் தன் விளக்கு மட்டும் தனியே எரிவதற்குத்தான் பயம். என் வீட்டுக்காரப் பெரியவர் இங்கே இருந்தபோது, பொழுதுபட்டதும் சாமியறைக்குள் நின்று ஒருமுறை செருமுவாராம். பிறகுதான் நெருப்புக்குச்சி உரசும் சத்தம் கேட்குமாம். அந்தச் செருமலைக் கேட்டுத்தான் அக்கா தன் விளக்கை ஏற்றுவாராம், கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து. பெரியவர் இப்போது கொழும்பில் மகள் வீட்டில் இருந்து சுகமாகச் செருமிக்கொண்டிருந்தார். இங்கே அக்காவுக்குப் பொழுது எப்போது படுகிறது என்றே தெரியாமல் போய்விட்டது.

எனக்கு அது போதும். அன்று பின்னேரம் சாமியறைக்குள் நின்று, தொண்டையை அடியிலிருந்து இழுத்து, கடைசியில் ஒரு இழுவை வைத்துச் செருமினேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஏதோ சட்டி விழுந்தது. பிறகு சிரிப்புக் கேட்டது. பிறகு அவர் விளக்கு எரிந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு பொழுதும் அப்படித்தான். செருமல் நாளுக்கு நாள் திருந்தியது. சில நாட்களில் நான் நினைக்குமுன்பே தொண்டை அசையத் தொடங்கியது.

ஒருநாள் மருதனார்மடத்துக்குப் போய்த் திரும்பும்போது ரியூப் வெடித்துவிட்டது. சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து சேர நன்றாக இருட்டிப் போயிற்று. ஒழுங்கை முடக்கில் திரும்பினேன். இரண்டு விளக்கும் எரிந்தன. என் சாமியறை யன்னலுக்குள் சுடர் ஆடாமல் நின்றது. வாசற்கதவில் நான் போட்ட பூட்டு அப்படியே தொங்கியது. அந்தப் பூட்டுக்கு ஒரு திறப்புத்தான். அது என் மடியில் இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். எண்ணெய் நிரம்ப விட்டிருந்தது. எரிந்த குச்சியின் மணம் இன்னும் போகவில்லை.

வேலியடிக்குப் போனேன்.

"அக்கா, என்ரை விளக்கை நீங்களோ ஏத்தினது?"

"நான் ஏன் ஏத்திறன்? நீர் செருமினது கேட்டுத்தானே என்ரையை ஏத்தினனான்."

"நான் இப்பதானணை வாறன். ரியூப் வெடிச்சு உருட்டிக்கொண்டு வாறன்."

"பகிடி விடாதையும் தம்பி. இண்டைக்கு அச்சொட்டா பெரியவரைப் போலவே செருமினீர்."

மாட்டுக்குப் பாஸ் எடுக்கச் சொன்னவன் பேச்சை யார் நம்புவார்கள்?

கரவெட்டியில் ஒரு குடும்பம் வெளிக்கிடுவதாகவும் வீட்டுக்கு ஆள் தேடுவதாகவும் அறிந்தேன். போவது என்று முடிவெடுத்தேன். ஆனால் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நான் போய்விட்டால் ஒழுங்கையில் ஆள் ஏற்றி எரிவது அக்காவின் விளக்கு ஒன்றுதான். அதை அவர் அறிந்தால் பிள்ளைகளிடமாவது போவார். அன்று செருமியது நானில்லை என்று இரண்டு முறை சொன்னேன். இரண்டு முறையும் சிரித்தார். மூன்றாம் முறை சிரிக்காமல் சொன்னேன். மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தவர் என் முகத்தைக் கொஞ்சம் பார்த்தார்.

"உம்மடை செருமல் கேக்காத பொழுது நம்புறன்," என்றார்.

சரி, அதையே செய்து காட்டுவோம் என்று நினைத்தேன். அன்று பொழுதுபட சாமியறைப் பக்கமே போகவில்லை. விறாந்தையில் இருந்து, வாய்க்குள் சாரத் தலைப்பை வைத்துக் கடித்துக்கொண்டேன். வாழையிலைகள் கறுத்தன. காகங்கள் அடங்கின. வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா அசையாமல் காத்து நிற்பது தெரிந்தது.

எனக்குப் பின்னால், வீட்டுக்குள், யாரோ செருமினார்கள். அடியிலிருந்து இழுத்து, கடைசியில் அந்த இழுவை வைத்து. குச்சி உரசியது. என் பற்கள் துணியைக் கடித்தபடியே இருந்தன.

அக்காவின் விளக்கு எரிந்தது.

"பொய்காரன்," என்றார் வேலிக்கு மேலால். குரலில் அவ்வளவு ஆறுதல்.

நான் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. விறாந்தைத் தூணோடு சாய்ந்தபடி விடியும்வரை இருந்தேன். விடிந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு, என்னை அந்த வீட்டில் இருத்திய பெரியவரின் தம்பியாரிடம் திறப்பைத் திருப்பிக் கொடுக்க மருதனார்மடத்துக்குப் போனேன். சந்தியில் அவருக்குப் புகையிலைக் கடை. கடை பூட்டியிருந்தது. ஆள் எங்கோ அலுவலாகப் போயிருப்பதாகவும் நாளைக்கு வருவார் என்றும் சொன்னார்கள். அன்று இரவு கோயில் மடத்தில் படுத்தேன்.

மறுநாள் மத்தியானம் தாண்டித்தான் அவர் வந்தார். நான் வாய் திறக்குமுன் அவரே தொடங்கிவிட்டார்.

"நேற்றுப் பொழுதுபட அண்ணை வீட்டுப் பக்கம் போனனான். சாமியறையிலை விளக்கு எரிஞ்சுது. சந்தோசம். கூப்பிடக் கூப்பிட ஏன் வெளியிலை வரேல்லை?"

மடிக்குள் போன கை அப்படியே நின்றது.

"பக்கத்து வளவு மாட்டுக்காரப் பிள்ளை சொல்லுது, நீர் நிக்கிறபடியால்தான் தான் பயமில்லாமல் இருக்கிறனாம். கெதியிலை விட்டிட்டுப் போயிடாதையும்."

திறப்பைக் கொடுத்தால் இவர் இன்றைக்கே போய், வீட்டில் ஆளில்லை என்று அக்காவிடம் சொல்வார். அக்கா இவரையாவது நம்புவார். அதற்குப் பிறகு பொழுதுபடும், செருமல் கேட்கும்.

"சாமியறைக்குள்ளை நிண்டனான். கேக்கேல்லை," என்றேன்.

என்ன அலுவலாக வந்தேன் என்று கேட்டார். சும்மா வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திறப்போடு வெளியே வந்தேன்.

கரவெட்டிக்கு நீர்வேலியைத் தாண்டித்தான் போக வேண்டும். பொழுதுபடுமுன் அந்த ஒழுங்கை வாசலைக் கடந்துவிட வேண்டும் என்று மிதித்தேன். கடக்கும்போது வானத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. ஒழுங்கைக்குள் இன்னும் ஒரு விளக்கும் எரியவில்லை. செருமச் சொல்லித் தொண்டை அரித்தது. அடக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மிதித்தேன்.