அவனுக்கும் சேர்த்து உள்ளேன் ஐயா

அன்று மதியம் பத்தாம் வகுப்பில் இருந்தவர்கள்: கணக்கு சார், என்னையும் சேர்த்து முப்பத்தெட்டுப் பையன்கள், பாதியில் வந்து வாசலில் நின்ற தலைமை ஆசிரியர். இல்லாதவன் ஒருவன்தான், என் கூட்டாளி. ஆனால் வருகைப் பதிவேட்டில் அவனும் இருந்தான். அவன் பெயர் வந்தபோது தலையைக் குனிந்து, குரலை மாற்றி "உள்ளேன் ஐயா" என்றவன் நான்.

அந்நேரம் அவன் பள்ளிக்கூடத்துப் பின்தெருவில், விசைத்தறிக் கொட்டகையில் தார் சுற்றிக்கொண்டிருந்தான். தறியில் அங்கும் இங்கும் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கும் குச்சியில் நூல் சுற்றுகிற வேலை. ஒரு ஆள் வேலையை நாங்கள் இரண்டு பேர் பங்கு போட்டிருந்தோம். அந்த வருடம் சங்கரன்கோவிலில் மின்வெட்டு. எங்கள் படிப்பைத் தீர்மானித்தது கரண்ட்தான். காலையில் இருந்தால் நான் போவேன், மதியம் வந்தால் அவன். வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே தறிச் சத்தம் கேட்கத் தொடங்கும். முறைக்காரன் ஒன்றுக்குப் போவதுபோல எழுந்து போய்விடுவான். இருக்கிறவன் இல்லாதவனுக்கும் குரல் கொடுக்க வேண்டும், இரண்டு நோட்டிலும் எழுத வேண்டும், சாயங்காலம் தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பாடம் சொல்ல வேண்டும். அல்ஜீப்ராவை அவன் அப்படித்தான் கற்றான். எனக்குப் புரியாததையும் நான் கத்துவதிலிருந்தே புரிந்துகொள்வான்.

இரண்டு பேர் வீட்டிலும் எங்களுக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. அவன் ஊர் திருவேங்கடம் பக்கம். டவுனில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தான். சுற்றுகிற தாருக்குக் கிடைப்பதில் பாதி அத்தை வீட்டு அரிசிக்குப் போகும். பத்தாவது தேறி, கரண்ட் ஆபீஸில் சேர வேண்டும் என்பது அவன் ஆசை. "பிறகு நாமளே கரண்ட விடுவோம், நாமளே நிறுத்துவோம்லே" என்பான்.

தலைமை ஆசிரியர் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். விரலை நீட்டித் தலைகளை எண்ணினார்.

"முப்பத்தொம்பது இருக்கணும். ஒரு தலை குறையுதே, எங்கன போச்சு?"

"தறியில மாட்டியிருக்கும் சார்" என்றான் பின்னால் ஒருவன். வகுப்பே சிரித்தது. யார் இல்லை என்பது தெரிந்துவிட்டது.

"குரல் கொடுத்தவன் எந்திரி."

பக்கத்தில் இருந்தவன் என் தொடையில் இடித்து, "எந்திலே" என்றான். நான் எழவில்லை. எழுந்தால் இரண்டு பேர் மாட்டுவோம், உட்கார்ந்திருந்தால் ஒருத்தன்தான் என்று தோன்றியது. கணக்கில் நாற்பதைத் தாண்டாத எனக்கு அந்தக் கணக்கு மட்டும் சட்டென்று வந்தது.

"அவன் அப்பனோட வந்தாத்தான் இனி வகுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார் தலைமை ஆசிரியர்.

சாயங்காலம் கொட்டகையில் சொன்னேன்.

"நீ எந்திச்சியாலே?"

"இல்ல."

அறுந்த நூலை முடிந்துகொண்டே சொன்னான்: "நல்லதாப் போச்சு மக்கா. நீயும் மாட்டியிருந்தா நோட்டு யாரு எழுதுவா?"

மனதாரச் சொன்னானா, குத்திச் சொன்னானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அப்பாவைக் கூப்பிட அவன் ஊருக்குப் போகவில்லை. பருத்தி விதைப்பு நேரம். ஈரம் இருக்கிற நாட்களில் கரிசலை விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. விதைப்பு முடியட்டும் என்று இருந்துவிட்டான். கொட்டகை அண்ணாச்சிக்கு முழு நாளும் ஆள் கிடைத்த சந்தோஷம். "படிப்பு எங்கன ஓடிரப் போவுது? இந்தத் தார முடிச்சிட்டுப் போ" என்பார். பதினைந்து நாள் தொடர்ந்து வராதவன் பெயரை நீக்க வேண்டும் என்பது விதி. கணக்கு சார் சிவப்பு மையால், ஸ்கேல் வைத்து, அவன் பெயரின் மேல் நேராக ஒரு கோடு போட்டார்.

இரண்டு நாள் கழித்து, விதைப்பு முடிந்து, தகவல் கேட்டு அவன் அப்பா வந்தார். காலில் அப்பிய கரிசல் உதிரவில்லை. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்றார். எங்கள் வகுப்பு ஜன்னலுக்குப் பேச்சு கேட்கும்.

"பேரடிச்சாச்சு" என்றார் எழுத்தர், தலை நிமிராமல்.

"அடிச்சாச்சா... சரிங்கய்யா."

கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் ஒன்றும் கேட்கவில்லை, எழுத்தரும் மேற்கொண்டு சொல்லவில்லை.

எங்கள் வீடுகளில் பெயர் எழுதியிருந்த ஒரே காகிதம் ரேஷன் கார்டு. அதில் பெயரை அடித்தால் ஆள் செத்துவிட்டான் என்று அர்த்தம். என் தம்பி பெயரை அப்படித்தான் அடித்தார்கள். அடித்த பெயரைத் திரும்ப எழுதி நாங்கள் பார்த்ததில்லை. பத்து வருடம் பள்ளிக்கூடம் போன எனக்கே இதுவும் அப்படித்தான் என்று பட்டது. ஆபீஸில் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால், அன்று குரல் கொடுத்தது யார் என்ற பேச்சு மறுபடி வருமே என்று பயந்தேன்.

மாசி மாதம் ஹால் டிக்கெட் வாங்கப் போனேன். பரீட்சை எழுதுகிறவர்கள் பட்டியல் எப்போதோ சென்னைக்குப் போயிருந்தது. ஆபீஸில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒன்பதாவது படிக்கும் அவர் மகன். மஞ்சள்காமாலை வந்து ஒரு மாதம் வராதவன்.

"என்ன வே, எம் பயல் பேர அடிச்சிட்டீராமே?" என்று சிரித்தபடி கேட்டார் கடைக்காரர்.

"அதுக்கென்ன அண்ணாச்சி, திரும்பச் சேத்துக்கிடலாம்" என்று பணத்தை வாங்கிக்கொண்டு எழுத்தர் ஒரு ரசீதைக் கிழித்தார். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. பையன் வகுப்புக்குப் போய்விட்டான்.

ஹால் டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்குப் போனேன். அவன் இப்போது தார் சுற்றவில்லை, நாலு தறிக்கு ஆள். புருவமெல்லாம் பஞ்சு. பாடம் சொன்ன மாதிரியே கத்திச் சொன்னேன்: அடித்த பெயரைத் திரும்ப எழுதுவார்களாம், உன் அப்பா வந்த அன்றைக்கே பணம் கட்டியிருந்தால் நீயும் பரீட்சை எழுதியிருக்கலாம்.

அவன் தறியை நிறுத்தவில்லை.

"எவ்வளவுலே?"

சொன்னேன். கேட்கவில்லை என்று காதைத் தொட்டுக் காட்டினான். கிட்டே போய், காதோடு வாயை வைத்து மறுபடி சொன்னேன்.

மூன்று ரூபாய் ஐம்பது காசு.