ஏழு வளைவும் ஏழாம் மாதமும்

அமாவாசையன்று நாங்கள் தறியில் உட்காரமாட்டோம். மற்றவர்கள் அன்று கோயிலுக்குப் போவார்கள், அல்லது தூங்குவார்கள். அந்த வருஷம் மட்டும் நான் தண்டவாளத்தின் ஓரமாகவே நடந்து, ஏனாத்தூருக்கு அப்பால் ஓடையில் கட்டிக்கொண்டிருந்த ரயில் பாலத்தைப் பார்க்கப் போவேன்.

முந்தின மழையில் பழைய பாலம் அடித்துக்கொண்டு போயிருந்தது. வாலாஜாபாத்திலிருந்து வரும் ரயில் அந்தக் கரையிலேயே நின்றுவிடும். ஜனங்கள் மூட்டையோடு இறங்கி, மணலில் நடந்து, இந்தக் கரையில் நிற்கும் ரயிலில் ஏறவேண்டும். என் ஒரே மகளை வாலாஜாபாத் பக்கம் தென்னேரியில் கொடுத்திருந்தேன். அவளுக்குத் தலைப்பிரசவம். ஏழாம் மாதம் வளையல் அடுக்கி அழைத்து வருவது எங்கள் வழக்கம். எட்டில் பிரயாணம் கூடாது. ஏழாம் மாதம் ஐப்பசியில் வந்தது. மழை பிடித்து ஓடையில் தண்ணீர் வருமுன் பாலம் முடியவேண்டும். மாட்டு வண்டியில் குலுங்கி வருவதற்கு என் மனைவி சம்மதிக்கவில்லை.

ஆடியில் தூண்கள் மட்டும் நின்றன. ஆவணியில் செங்கல்லும் சுண்ணாம்புமாக மூன்று வளைவுகள். நான் புளியமரத்தடியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவேன். யாரிடமும் பேசியதில்லை, பேச எனக்கு வராது. பாலம் காவு கேட்கிறது என்று ஊரில் ஒரு பேச்சு இருந்ததால், அங்கே என்னைப்போல் வேடிக்கை பார்க்க வருகிறவர்களும் இல்லை. வீட்டில் நான் வளைவுக் கணக்குச் சொல்வேன், மனைவி மாதக் கணக்குச் சொல்வாள்.

புரட்டாசியில் ஏழாவது வளைவும் மூடியிருந்தது. கடைசி இழை ஓடியதும் சேலையை அறுத்தெடுத்துப் பழகியவன் நான். பாலமும் அப்படித்தான் என்று எண்ணி, முடிந்துவிட்டதாகச் சம்பந்தி வீட்டுக்குச் சொல்லி அனுப்பினேன். ஐப்பசியில் நாளும் குறித்துவிட்டார்கள்.

அதற்கு மூன்று நாள் முன்பு மழை பிடித்துக்கொண்டது. தறியை விட்டு எழுந்து ஓடினேன். ஓடையில் இடுப்பளவு தண்ணீர். வளைவுகளைத் தாங்கிய மரச்சட்டங்களை இன்னும் பிரிக்கவில்லை. மேலே தண்டவாளமும் இல்லை. மரத்தடியிலேயே நின்றுவிட்டேன். பால வேலையை நடத்திய மேஸ்திரி தாமாகவே என்னிடம் வந்தார்.

"இன்னாங்க, இன்னிக்கி அமாவாசை இல்லியே?" என்றார். "ஒங்கள கண்டிராக்டர் ஆளுன்னு நெனச்சிக்கினு இருக்கோம். நீங்க மரத்தாண்ட வந்து நின்னா எங்காளுங்க வெத்தலகூடப் போடறதில்ல."

நான் நெசவுக்காரன் என்பதையும் மகள் சங்கதியையும் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். சிரித்தவர், சிரிப்பை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். சுண்ணாம்பு இறுகவேண்டும், கார்த்திகைக்கு முன்னால் சட்டத்தைப் பிரிக்க முடியாது, அதற்கப்புறம்தான் ரயில் என்றார். நான் திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"ரயிலுதான் போவக்கூடாது. ஆளு நடக்கலாம், நாங்க நடந்துக்கினுதான இருக்கோம்? பாலம் காவு கேக்குதுன்னு பயந்துக்கினு பாதிப் பேரு வேலைக்கு வர்றதில்ல. ஒரு புள்ளத்தாச்சி பத்திரமா தாண்டிட்டா அந்தப் பேச்சு ஓஞ்சிடும். கூட்டிக்கினு வாங்க."

காவுப் பேச்சை மட்டும் வீட்டில் நான் சொல்லவில்லை.

குறித்த நாளில் மழை விட்டிருந்தது. மேஸ்திரி பாலத்தின்மேல் பலகை போட்டு, இருபுறமும் கயிறு கட்டிவைத்திருந்தார். நான் அந்தக் கரைக்குப் போய் அழைத்து வந்தேன். முன்னால் நான், நடுவில் கை நிறைய வளையலோடு மகள், பின்னால் சம்பந்தியம்மாள். சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திப் பார்த்தார்கள். நாலாவது வளைவில் வளையல் சத்தம் நின்றது. திரும்பினேன். மகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஓரடி பின்னால் வைத்துக் கேட்டேன்.

"இன்னாம்மா?"

"ஒண்ணுமில்லப்பா. ஒதைக்குது. கொஞ்சம் நின்னு போலாம்."

நின்று போனோம். இந்தக் கரையில் சித்தாள் பெண்கள் அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள். மேஸ்திரி கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைத்தார்.

கார்த்திகை அமாவாசைக்கும் போனேன். மரச்சட்டங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முன்பைவிட வேலையாட்கள் அதிகமாக இருந்தார்கள். மரத்தடியில் நிற்காமல் மேஸ்திரியின் பக்கத்தில் போய் நின்றேன். வேலைக்காரர்கள் என்னைப் பார்த்துக்கொண்டே வெற்றிலை போட்டார்கள். எனக்கும் ஒன்று மடித்துக் கொடுத்தார்கள்.