கிணற்றுக்குள்ளிருந்து ஒரு படம்

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே ஆறுமுகசாமிக்குக் கடலைக்காடும் கொஞ்சம் வயலும் இருந்தன. கிணற்றில் தண்ணீர் இருக்கும்வரை அவர் விவசாயி. கோடையில் தண்ணீர் மோட்டாருக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டால், ஓடாத மோட்டார் ரூமைக் கூட்டிப் பெருக்கி, கூரையில் இரண்டு ஓடுகளை நகர்த்தி வெளிச்சம் விட்டு, மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிவிடுவார். மழை இறங்கும்வரை அந்த ஒரு மாதம் அவர் சித்திரக்காரர். யார் தேடி வந்தாலும் மனைவி சுப்பாத்தாள், "அவரு படத்துக்குள்ள பூந்துட்டாருங்க, அப்பறம் வாங்க" என்று அனுப்பிவிடுவாள்.

எழுதுவதெல்லாம் சாமி படம்தான். வாசகசாலை ஆண்டுவிழாவுக்குப் பள்ளிக்கூட அறையில் கண்காட்சி வைப்பார்கள். மயில்மேல் முருகன், தாமரையில் லட்சுமி என்று வருசத்துக்கு ஒன்று கொடுப்பார். ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு அடுத்த படத்துக்கு நகர்வார்கள். அவருக்கும் அது போதுமாகத்தான் இருந்தது.

எழுபத்து நாலாம் வருசம் ஊற்றே அற்றுப்போனதால், கிணற்றை ஆழப்படுத்த, கிணறு வெட்டுகிற நஞ்சப்பனும் ஆட்களும் வந்தார்கள். வெடி வைத்துக் கல்லையெல்லாம் வாரி முடித்த ஒரு காலையில் அடியிலிருந்து நஞ்சப்பன் குரல் கொடுத்தான்.

"ஏனுங்க, சித்த எறங்கி வாங்க. கல்லு இருக்கற நெறத்தப் பாருங்க!"

ஆறுமுகசாமி பிறந்ததிலிருந்து அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்து வந்தார். அதன் அடியை மட்டும் அவர் பார்த்ததே இல்லை. படிகள் முடிந்த இடத்திலிருந்து கயிற்றைப் பிடித்து இறங்கினார். கால் ஊன்றித் திரும்பினார். கரும்பாறையின் குறுக்கே, அறுத்த கொய்யாப்பழம் போல ஒரு சிவப்புப் பட்டை ஓடியது. அதன்மேல் வெள்ளைக்கல் வரிகள். எங்கும் ஈரம் கசிந்து, வெளிச்சம் பட்ட இடமெல்லாம் மினுமினுத்தது.

"இத்தன நாளும் இது நம்ம காட்டுக்குள்ளயா இருந்துச்சு?" என்றார் மெதுவாக. சத்தமாகப் பேசத் தோன்றவில்லை.

"கெணத்துக்குக் கெணறு நெறம் மாறுமுங்க. இத்தன செவப்ப நானும் பாத்ததில்ல."

நிமிர்ந்து பார்த்தார். எங்கோ உயரத்தில் கைக்குட்டை அளவுக்கு வானம். அதன் ஓரத்தில் ஒரு முகம் எட்டிப்பார்த்தது. நஞ்சப்பனின் மனைவி குருவம்மாள். தூக்குப்போசியில் கஞ்சி ஊற்றி, கயிற்றில் கட்டி இறக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் வெயில் இருந்ததால் முகம் கறுத்து, முடியின் ஓரம் மட்டும் எரிவதுபோல் ஒளிர்ந்தது. போசி பாறையில் இடிக்காமல் வந்து சேரும்வரை நஞ்சப்பன் அண்ணாந்தே நின்றான்.

அன்றே பாதி எழுதிய முருகனை மூலையில் சாய்த்துவிட்டு, தன் உயரத்தைவிடப் பெரிய துணியைக் கட்டினார். ஆட்கள் ஓய்வெடுக்கும்போது கரித்துண்டோடு கிணற்றில் இறங்குவார். மேலே வந்து தீட்டுவார். அந்தச் சிவப்பு மட்டும் எந்த டப்பாவிலும் கிடைக்கவில்லை. கடைசியில் கிணற்றுக் கல்லையே பொடித்து, அம்மியில் அரைத்து, எண்ணெயில் குழைத்தார்.

"மொளகா அரைக்கற அம்மியில பாறைய அரைக்கறீங்களே!" என்று சண்டைக்கு வந்த சுப்பாத்தாள் படத்தைப் பார்த்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "என்னங்க இது, உள்ள நிக்கற மாதிரியே இருக்குது" என்றாள். அம்மியைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை.

கண்காட்சியில் வாசகசாலைச் செயலாளர் கபிரியேல், "இந்த வருசம் சாமி படம் இல்லீங்களா?" என்று தயங்கித்தான் அதைச் சுவரில் சாய்த்தார். ஆனால் பார்க்க வந்தவர்கள் நகரவில்லை. சும்மா பேசிக்கொண்டு வந்தவர்களும் அதன்முன் வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

மறுநாள் சாயங்காலம் குருவம்மாள் புருசனோடு வந்தாள். எத்தனையோ கிணறுகளின் விளிம்பில் நின்று கஞ்சி இறக்கியவள், ஒன்றிலும் இறங்கியதில்லை. படத்தின்முன் வெகுநேரம் நின்றாள்.

"பகலெல்லாம் இங்கயா இருப்பீங்க?"

"ஆமா."

"இத்தன ஆழம்னு ஒரு நாளும் சொல்லலையே."

"சொன்னா, கவுறு புடிக்கறப்ப உனக்குக் கை நடுங்குமில்ல?"

அவள் படத்தின் உச்சியில், வானத்தின் ஓரத்தில் இருந்த சின்ன முகத்தைக் காட்டினாள். "அது ஆரு?"

"நீதான் புள்ள."

"இத்துனூண்டா தெரிவேன்?"

"உள்ள இருந்து பாத்தா, வானத்துல அது ஒண்ணுதான் இருக்கும்" என்றான் நஞ்சப்பன்.

அவள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். கதவோரம் நின்றிருந்த ஆறுமுகசாமிக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு மாதமாக அந்த முகத்தைத் தீட்டியவர் அவர்தான். என்ன தீட்டினோம் என்று அப்போதுதான் தெரிந்தது.

செய்தி பரவி, ஞாயிற்றுக்கிழமை சுற்றுவட்டாரத்துக் கிணறு வெட்டுகிற ஆட்களின் வீட்டுப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் உண்டு. ஒவ்வொருத்தியும் அடிப்பாறையிலிருந்து கண்ணை மெல்ல மெல்ல மேலே ஏற்றி, அந்த முகத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். கபிரியேல் கண்காட்சியை இன்னும் இரண்டு நாள் நீட்டினார். ஆறுமுகசாமி மூலையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, படத்தைப் பார்க்காமல் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடப் போகவும் தோன்றவில்லை.