மெயினருவியில் ஒரு துட்டிக் குளியல்

நாங்கள் இருக்கும் பாமர்ஸ்டன் நார்த் ஊரில், வயதானவர்களுக்கென்று மாதம் ஒரு நாள் காலையில் சினிமா போடுவார்கள். டிக்கெட்டோடு ஒரு டீயும், ஸ்கோன் என்று தொட்டாலே உதிரும் ஒரு பண்டமும் உண்டு. பக்கத்து வீட்டு மார்கரெட்தான் என்னைக் காரில் கூட்டிப்போவாள். போன மாதப் படத்தில், செத்துப்போன சிநேகிதியின் சாம்பலை ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டு, மூன்று கிழவிகள் நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கார் ஓட்டிப்போகிறார்கள். வழியெல்லாம் சண்டை, சிரிப்பு, ஒயின். கடைசியில் சாம்பலைக் கடலில் தூவும்போது தியேட்டரே அழுதது. ஆனால் சத்தம் கிடையாது. கல்யாண வீட்டில் சந்தனக் கிண்ணம் வருவதுபோல ஒரு டிஷ்யூ பெட்டி வரிசையாகக் கைமாறி வந்தது. ஆளுக்கு ஒன்று உருவி, மூக்கைத் துடைத்து, மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக இந்த நாட்டில் இருக்கிறேன். இந்தச் சத்தமில்லாத அழுகை மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை.

வெளியே வந்ததும் மார்கரெட் கேட்டாள்: "உனக்கு இப்படிச் சிநேகிதிகள் உண்டா?"

"நாங்கள் நாலு பேர். கோமதி இந்த வருஷம் இறந்துவிட்டாள்."

"அடடா! நீங்களும் இப்படி ஒரு பயணம் போனீர்களா?"

"போனோம். மூன்று பேர், ஒரு கார். அருவியில் குளித்தோம்."

"எவ்வளவு அழகு! துக்கத்தை மறக்க அதுதான் சரி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மறப்பதற்காகக் குளிக்கவில்லை அம்மா என்று சொல்ல வாய் எடுத்தேன். எந்த முனையிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "ஆமாம், அழகுதான்" என்று தலையாட்டி வைத்தேன். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

கோமதி, பேச்சி, ராமலட்சுமி, நான் - நால்வரும் தென்காசியில் ஒரே வகுப்பு. கோமதி கடையத்தில் வாழ்க்கைப்பட்டு, வயலும் வீடுமாக இருந்தாள். பேச்சி போலீசில் சேர்ந்து எஸ்.ஐ.யாக ரிட்டயர் ஆனவள், மேலகரத்தில் வீடு. ராமலட்சுமிக்குப் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி மண்டி. நான் கணவரின் வேலையோடு நியூசிலாந்து வந்துவிட்டேன். தை மாதம் கோமதி மாரடைப்பில் போனபோது, எனக்கு முட்டி ஆபரேஷன் முடிந்து பத்து நாள். விமானம் ஏறக் கூடாது என்றார் டாக்டர். பேச்சி போனை உயர்த்திப் பிடித்துக் கோமதி முகத்தைக் காட்டினாள். நான் என் பக்கத்து மைக்கை அணைத்து வைத்திருந்தேன். இங்கே வீடுகளுக்குப் பலகைச் சுவர். வாய்விட்டு அழுதால் பக்கத்து வீட்டார் போலீசைக் கூப்பிட்டுவிடுவார்கள். மறுநாள் நொண்டிக்கொண்டே கடைக்குப் போய், இந்த ஊர் வழக்கப்படி, வெள்ளைப் பூ படம் போட்ட ஓர் அனுதாப அட்டை வாங்கிக் கடையத்துக்குத் தபாலில் அனுப்பினேன். கண்ணீர் வரவில்லை. அப்புறம் வரும் என்று நினைத்தேன். மாசி போயிற்று, பங்குனி போயிற்று, வரவே இல்லை. நாற்பத்தெட்டு வருஷச் சிநேகிதிக்கு ஒரு பொட்டுக் கண்ணீர் விடாத மனுஷியாகிவிட்டோமே என்கிற பயம்தான் என்னை ஆடியில் ஊருக்குக் கிளப்பியது.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போவது என்றால், போய் உட்கார்ந்து விசாரித்துவிட்டு வருவதில்லை. வாசலிலேயே குரலெடுத்து அழுதுகொண்டு உள்ளே போய், பெண்களைக் கட்டிப்பிடித்து அழவேண்டும். எத்தனை மாதம் கழித்துப் போனாலும் அதுதான் முறை. அதுவரை அந்த வீட்டில் கை நனைக்க முடியாது. கேட்டு முடித்ததும், போய்வருகிறேன் என்று சொல்லாமல் எழுந்துவந்து, தலைக்குக் குளித்துவிட்டுத்தான் நம் வீட்டுப் படி ஏறலாம்.

பேச்சிதான் கார் ஓட்டினாள். பாவூர்சத்திரத்தில் ராமலட்சுமி, மண்டியிலிருந்து வெங்காய வாடையோடு ஏறினாள். ஏறியதும் ஆரம்பித்துவிட்டாள்: "ஏட்டி, வாசல்லயே அழ ஆரம்பிச்சிரணும், என்ன? அங்கன போய் மரம் மாதிரி நிக்காத. நாங்க ரெண்டு பேரும் முதல்ல எடுத்துக் குடுக்கோம்."

"எல்லாம் எனக்குத் தெரியும்" என்றேன். கடையம் வரை மனசுக்குள் கோமதி, கோமதி என்று சொல்லிக்கொண்டே போனேன்.

வாசலில் அவர்கள் இருவரும் குரலெடுத்தார்கள். நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. வீட்டுக்கு வெள்ளையடித்திருந்தார்கள். கோமதியின் கணவர் டிவியை அணைத்துவிட்டு எழுந்தார். அவரைப் பார்த்து, "ஸாரி அண்ணாச்சி" என்றேன். சத்தியமாக அதுதான் என் வாயில் வந்தது! கடையில் யார் மேலாவது இடித்துவிட்டால் சொல்வோமே, அந்த ஸாரி. அண்ணாச்சி பாவம், "வாம்மா, பிரயாணமெல்லாம் சௌரியமா இருந்துச்சா?" என்றார். டிவிக்குப் பக்கத்தில் என் அட்டை, பேத்தியின் பிறந்தநாள் வாழ்த்து அட்டைகளோடு சேர்ந்து நின்றுகொண்டிருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. பின்னால் யாரோ ஒரு பெண், "வெளிநாட்டுக்காரில்லா, அழமாட்டா" என்றது காதில் விழுந்தது.

சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினோம். பேச்சி வீட்டுக் கொல்லையில் மூன்று பேரும் தலைக்குக் குளிப்பதாக ஏற்பாடு. தென்காசி தாண்டியதும் நான் சொன்னேன்: "எனக்கு அழுகையே வரலட்டி. கோமதிக்கு நான் துட்டி கேட்ட மாதிரியே இல்ல."

மேலகரம் வந்தது. பேச்சி தன் வீட்டுத் தெருவுக்குத் திரும்பாமல் வண்டியை நேரே விட்டாள்.

"எங்கட்டி போற?" என்று ராமலட்சுமி பதறினாள்.

"குத்தாலத்துக்கு."

"துட்டிக்குப் போயிட்டு அருவிக்கா? ஊரு என்ன பேசும்!"

"வீட்டுக்குப் போனாலும் தலைக்குத்தான் குளிக்கணும். பக்கெட்டுத் தண்ணியில குளிச்சாத்தான் துட்டி கழியுமோ? அருவியில குளிச்சாக் கழியாதோ? பேசாம வா" என்றாள் பேச்சி. கேஸை முடித்துவைக்கும் தோரணை. அதற்குமேல் யார் வாய் திறப்பது!

சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மெயினருவியில் பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். காவலுக்கு நின்ற பெண் போலீஸ், "பாட்டி, வழுக்கும், ஓரமா நில்லுங்க" என்றாள். "பாட்டியா? நான் ரிட்டயர்டு எஸ்.ஐ. பிள்ள" என்று பேச்சி முறைத்ததில், அந்தப் பெண் தானே கைபிடித்து எங்களை உள்ளே விட்டாள். தண்ணீர் உச்சந்தலையில் விழுந்தது. யாரோ இரண்டு கையாலும் மொத்துவதுபோல இருந்தது. மூச்சுத் திணறி, பிடிப்புக்காக இருவரையும் இறுக்கிக்கொண்டேன். அப்போதுதான் என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "கோமதி! என்னப் பாக்காமப் போயிட்டியேட்டி! நான் வாரதுக்குள்ள என்ன அவசரம்ட்டி உனக்கு!" என்று நான் கத்த, ராமலட்சுமி கூட எடுத்துக்கொண்டாள், பேச்சியும் எடுத்துக்கொண்டாள். எவ்வளவு கத்தினாலும் தண்ணீர் சத்தம் அதை அமுக்கிவிட்டது. நாங்கள் குளிர் தாங்காமல் கூச்சல் போடுகிறோம் என்று நினைத்து, பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண்கள் "ஓ!" என்று கூடச் சேர்ந்து கத்தினார்கள். கத்தட்டும். கோமதிக்காகத்தான் கத்துகிறோம் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவா போகிறது. நெஞ்சு காலியாகும்வரை அழுதேன். அன்றைக்குத்தான் கோமதி எனக்குச் செத்தாள்.

படிக்கட்டில் உட்கார்ந்து தலை துவட்டும்போது, ராமலட்சுமி திடீரென்று கேட்டாள்: "ஏட்டி, உனக்கு ஒண்ணுன்னா நாங்க எங்கன வந்து துட்டி கேக்க? எங்களுக்குப் பாஸ்போர்ட்டும் கிடையாது, ஒரு எழவும் கிடையாது."

இதை நான் யோசித்ததே இல்லை. தென்காசி வீட்டை விற்று வருஷங்கள் ஆயிற்று. நியூசிலாந்தில் நான் செத்தால், என் மகன் ஒரு ஹாலில் முக்கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் முடித்து, வந்தவர்களுக்கு சாண்ட்விச் கொடுத்து அனுப்பிவிடுவான். அவன்மேல் குறையில்லை, அங்கே அதுதான் வழக்கம். ஆனால் என்னைப் பேர் சொல்லி, ஏட்டி என்று கூப்பிட்டு அழ அங்கே ஓர் ஆள் கிடையாது.

"ரெண்டு பேரும் இங்கன வந்து குளிச்சிருங்க. அது போதும் எனக்கு" என்றேன்.

பேச்சி முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "அப்பம் சீசன்ல சாவு. சித்திரையில செத்துத் தொலைச்சேன்னா இங்கன சொட்டுத் தண்ணி விழாது. பாறையில போய் முட்டவா?"

வயிறு வலிக்கச் சிரித்தோம். துட்டிக்குப் போய்வந்தவர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

வேடிக்கைக்குச் சொன்னாள் என்றுதான் நானும் விட்டுவிட்டேன். ஆனால் நேற்று காலை இங்கே ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, போனில் பேச்சியின் செய்தி வந்திருந்தது: "மெயினருவில தண்ணி கொறஞ்சிட்டு. உடம்பப் பாத்துக்க."

எழுந்துபோய் பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.