கட்டுக்கு நடுவே ஒரு ஜன்னல்

1. கயத்தாறு தாண்டியதும், சித்தப்பா ஓட்டிய பைக்கின் பின்சக்கரத்தில் சித்தியின் முந்தானை சிக்கியது. அதை இழுக்கப் போய்க் காலும் கம்பிகளுக்குள் போனது. வலது குதிகாலில் எலும்பு தெரிந்தது.

2. திருநெல்வேலி மருத்துவமனையில், கெண்டைக்காலின் தோலில் ஒரு துண்டை ரத்தக்குழாயோடு திருப்பிக் குதிகாலில் வைத்துத் தைத்தார்கள். இதற்குத் தோல் மடல் என்று பெயர். ரத்தம் ஓடினால் பிழைக்கும். ஓடாவிட்டால் ஓரத்திலிருந்து கருக்கத் தொடங்கும்.

3. நான் மருந்தியல் ஆராய்ச்சி மாணவி. வல்லாரையிலிருந்து பிரித்தெடுத்த சாறு அந்த ஓரத்தைக் காப்பாற்றுமா என்று எலிகளில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

4. இது குடும்பத்துக்கே தெரியும். 'எலிகளில்' என்ற சொல் மட்டும் யார் காதிலும் விழவில்லை.

5. மருத்துவமனையில் துணைக்கு இருந்த நான் டீ குடிக்கக் கீழே போனபோது, சித்தப்பா வல்லாரை விழுதைச் சித்தியின் மடல் மேல் பூசிவிட்டார்.

நம் கரிசலில் வல்லாரை தானாக முளைத்துக் கிடக்காது. கோவில்பட்டிச் சந்தையில் கட்டு வாங்கி, சட்னி அரைக்கும் ஜாரில் அரைத்து, டிபன் பாக்ஸில் போட்டு பஸ்ஸில் கொண்டு வந்திருக்கிறார். நான் மேலே வந்தபோது நர்ஸ் டார்ச்சோடு நின்றுகொண்டிருந்தார்.

"யாரு இதப் பூசுனது? நான் இங்கன தோலப் பாக்கணுமா, கீரையப் பாக்கணுமா?"

"நான்தாம்மா," என்றார் சித்தப்பா, பாராட்டை எதிர்பார்ப்பவர் போல. "எங்க புள்ள கண்டுபிடிச்ச மருந்து."

"சித்தப்பா, என்ன செஞ்சு வச்சிருக்கிய?"

"நீதானட்டி சொன்ன, தோலு பொழைக்கும்னு. எலிக்கே பொழைக்குதுன்னா மனுசிக்குப் பொழைக்காதா?"

"பொழைக்கும்னு சொல்லல. பொழைக்குமான்னு பாக்குதேன்னு சொன்னேன். அதுவும் சுத்தம் பண்ணி, அளந்து, எலிக்கு வாய்வழியாக் குடுக்குதேன். யாரும் தையல் மேல அப்பலை."

"பின்ன எதுக்குக் கட்டுக்கு நடுவுல வாசல் விட்டிருக்காவ? மருந்து போடத்தானே?"

காலைச் சுற்றிக் கட்டுப்போட்டு, மடலுக்கு நேராக மட்டும் ஒரு ஜன்னல் விட்டிருந்தார்கள். அது நிறம் பார்க்க. இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது, நீலமானால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். அந்த ஒரு ஜன்னலைத்தான் சித்தப்பா பச்சையாக மெழுகி அடைத்திருந்தார்.

நான் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, படுத்திருந்த சித்தி குறுக்கிட்டாள்.

"ஏட்டி, அவியளத் திட்டாத. நான்தான் கொண்டாரச் சொன்னேன். இந்தக் கால் போச்சுன்னா மிசின யாரு மிதிக்கது, நீயா?"

புதியம்புத்தூரிலிருந்து வெட்டி அனுப்பும் நைட்டிகளை வீட்டில் வைத்துத் தைப்பவள் சித்தி. மிதிப்பது வலது காலால். அவளிடம் நான் என்ன கோபப்படுவது? கோபத்தைச் சித்தப்பா மேலேயே திருப்பினேன். அவர் டிபன் பாக்ஸை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். மிச்சத்தை வீணாக்க மனமில்லை போல.

நர்ஸ் உப்புநீரால் கழுவினார். விழுது போனது, கறை போகவில்லை. மடலின் நுனி நீலமா, பச்சையா என்று மூன்று பேர் டார்ச் அடித்துப் பார்த்தும் சொல்ல முடியவில்லை. டாக்டர் வந்து ஊசியால் குத்திப் பார்த்தார். நடுவில் நல்ல சிவப்பாக ரத்தம் வந்தது. நுனியில் கறுப்பாகக் கசிந்தது, அங்கே ரத்தம் ஓடாமல் தேங்கியிருந்தது.

"எப்பருந்து இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

காலையில் சிவப்பாகத்தான் இருந்தது என்றார் நர்ஸ். அதற்குப் பிறகு என்ன என்பது கீரைக்குத்தான் தெரியும். டாக்டர் இறுக்கம் குறைய நுனியில் இரண்டு தையலைத் தளர்த்திவிட்டு, என்னைப் பார்த்து, "ரிசர்ச்சா?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு நுனி கருத்தது. கட்டைவிரல் நகமளவு வெட்டி எடுத்தார்கள். மற்றது பிழைத்தது.

விழுதால்தான் கருத்தது என்று என்னால் சொல்ல முடியாது. இந்த மடல்களில் நுனி தானாகவும் கருக்கும், அதனால்தானே என் ஆராய்ச்சியே. விழுதால்தான் மற்றது பிழைத்தது என்று சித்தப்பாவால் சொல்ல முடியும். சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார், வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரிடமும். எலிகளில் என்றால் மருந்து கொடுக்காத இன்னொரு கூட்டத்தை வைத்து ஒப்பிட்டு அவர் வாயை அடைத்திருப்பேன். எனக்கு இருப்பது ஒரே சித்தி.

இப்போதைய நிலை இது. சித்தி கோவில்பட்டி வீட்டில் இருக்கிறாள். வலது காலை இன்னும் ஊன்றக் கூடாது. வெட்டிய இடம் மூடி வருகிறது. தையல் மிசின் துணி போர்த்திக் கிடக்கிறது. என் சாறு இன்னும் எலிகளிடம்தான் இருக்கிறது.