பாசுரப் புத்தகத்தின் மேலட்டை

பழைய புத்தகங்களைப் போட்டோ எடுத்து வைப்பது என் வேலை. அதற்காகத்தான் ஸ்ரீரங்கத்தில் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். ஒல்லியான தேகம், நெற்றியில் பளிச்சென்று திருமண். என் தோல் பெல்ட்டைக் கழற்றி வாசலில் வைக்கச் சொல்லிவிட்டுத்தான் பூஜை அறைக்குள் விட்டார்.

அலமாரியிலிருந்து ஒரு பாசுரப் புத்தகத்தை எடுத்தார். நம் ஊருக்கு அச்சு வந்த புதிதில் போட்டது. மேலட்டை முழுக்கத் தங்க ரேக்கில் பூவும் கொடியும். அதை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்ளாமல் அவர் பிரிப்பதில்லை. நாற்பது வருஷப் பழக்கம் என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். மேதாவித்தனம் விடவில்லை.

"இந்த மாதிரி பைண்டிங் இப்போ கிடைக்கவே கிடைக்காது மாமா. அசல் கன்னுக்குட்டித் தோல்" என்றேன்.

அவர் தன் உள்ளங்கைகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வாங்கோ" என்றார்.

மறுநாள் கேமராவோடு போனேன். பட்டுத் துணியில் சுற்றிய வெறும் தாள்களைக் கொண்டுவந்து வைத்தார்.

"மாமா, அட்டை எங்கே?"

"கார்த்தால ஸ்நானத்துக்குப் போனப்போ காவேரியில விட்டுட்டேன்."

"தெரியாமத்தானே வச்சிருந்தீங்க? பெருமாளா கோவிச்சுக்கப் போறாரு?"

"அவர் நாற்பது வருஷமா ஒண்ணும் சொல்லாமத்தான் இருந்தார்" என்றார் அவர். "உங்களாலதான் ஒரு நிமிஷம் இருக்க முடியலை."

குரலில் கோபமே இல்லை. தாள்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முதல் பக்கத்தை எனக்காகப் பிரித்துப் பிடித்தார். அன்று நான் எடுத்த படம் ஒன்றுகூடத் தெளிவாக விழவில்லை.